கர்ட்டிஸ் வி8 (1907) ரிவ்யூ: 4400 சிசி, கிளட்ச் இல்ல, கியர் இல்ல

முதல்லயே சொல்லிடறேன், இது வாங்கலாமா வேணாமான்னு கேக்கறவங்களுக்கான ரிவ்யூ இல்ல, ஏன்னா விக்கவே செய்யாத வண்டி இது, ஒரே ஒரு பீஸ் தான் செஞ்சாங்க, அதுவும் இப்போ அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் மியூசியம் கலெக்‌ஷன்ல இருக்கு, தொட்டுப் பாக்கக் கூட விடமாட்டாங்க. ஆனா பெரிய இன்ஜின் வெச்ச பழைய பைக்குன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் இந்த கர்ட்டிஸ் வி8 போட்டோவ போட்டு "219 கிலோமீட்டர் வேகம், 1907லயே" அப்படின்னு மட்டும் எழுதிட்டு போயிடறாங்க. ஒரு பைக்கா இத யாரும் எடை போடறதே இல்ல. இன்னைக்கு ஒரு புது வண்டி வந்தா இன்ஜின் எப்படி, ஃப்ரேம் எப்படி, பிரேக் எப்படின்னு பாக்கறோம்ல, அதே அளவுகோல இதுக்கும் அது கூட வந்த மத்த ராட்சச வண்டிகளுக்கும் வெச்சுப் பாத்தா செம சுவாரஸ்யமா இருக்கு.

இன்ஜின்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா இந்த வண்டில இன்ஜின் தவிர பெருசா எதுவும் இல்ல. 90 டிகிரி வி8, அதாவது V எழுத்து மாதிரி நாலு நாலா எட்டு சிலிண்டர், ஏர் கூல்டு, சுமார் 4400 சிசி, ரெண்டு கார்புரேட்டர், 1800 ஆர்பிஎம்ல 40 ஹார்ஸ் பவர். மொத்த வண்டியோட எடை 275 பவுண்டு, அதாவது 125 கிலோ. திரும்ப ஒரு தடவ படிங்க, எட்டு சிலிண்டர் இன்ஜினோட சேத்து 125 கிலோ. இன்னைக்கு வர்ற சாதாரண 150 சிசி பைக்கே அதவிட எடை கூட. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது போர் ஸ்ட்ரோக் கணக்கு. போர் 3.625 இன்ச், ஸ்ட்ரோக் 3.25 இன்ச், அதாவது பிஸ்டன் அகலம் அது ஏறி இறங்கற தூரத்தவிட ஜாஸ்தி. அந்த காலத்துல எல்லாரும் நீள ஸ்ட்ரோக் வெச்சு மெதுவா சுத்தற இன்ஜின் தான் செஞ்சுட்டு இருந்தாங்க, இவரு மட்டும் மாத்தி யோசிச்சிருக்கார்.

இவருன்னா கிளென் கர்ட்டிஸ். நியூயார்க் மாநிலத்துல ஹேமண்ட்ஸ்போர்ட்னு ஒரு சின்ன ஊரு, அங்க சைக்கிள் கடை வெச்சிருந்த ஆளு, 1878ல பிறந்தவர். சைக்கிள்ல இருந்து மோட்டார்சைக்கிளுக்கு வந்து ஹெர்குலிஸ்னு பேர் வெச்சு வித்துட்டு இருந்தார். அவரோட இன்ஜின் எடை கம்மியா, நம்பி ஓட்டற மாதிரி இருந்ததால பலூன்காரங்க தேடி வர ஆரம்பிச்சாங்க, தாமஸ் பால்ட்வின்னோட கலிஃபோர்னியா ஆரோ ஆகாயக்கப்பல் 1904ல பறந்தது கர்ட்டிஸ் மோட்டார்சைக்கிள் இன்ஜின்ல தான். அந்த மார்க்கெட்டுக்காக செஞ்சது தான் இந்த வி8ம். இந்த ஒரு விஷயத்த புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் புரிஞ்சுடும். இது பைக்குக்காக செஞ்ச இன்ஜினே இல்ல, வானத்துக்காக செஞ்ச இன்ஜின், அத டெஸ்ட் பண்ண ரெண்டு சக்கரத்துல மாட்டிப் பாத்திருக்கார், அவ்ளோதான்.

இப்போ ஃப்ரேம். இங்க தான் மார்க் சரசரன்னு இறங்குது. சைக்கிள் ஃப்ரேம எடுத்து நீட்டி, கொஞ்சம் கெட்டியாக்கி, நடுவுல இன்ஜின நீளவாக்குல வெச்சிருக்காங்க. குருவி தலையில பனங்காய் வெச்ச கத தான். ஓட்டறவருக்கு இடம் ரொம்ப பின்னாடி, கிட்டத்தட்ட பின் சக்கரத்து மேலேயே உக்காரணும், அங்க இருந்து முன்னாடி இன்ஜின் மேல குனிஞ்சு எட்டிப் பிடிக்கற மாதிரி நீளமான ஹேண்டில்பார். பெல்ட்டோ செயினோ 40 ஹார்ஸ் பவர தாங்காதுன்னு தெரிஞ்சு, ஷாஃப்ட் (சுத்தற இரும்புத் தண்டு) வெச்சு பெவல் கியர் (திசைய மாத்தி விடற சரிவான பல்சக்கரம்) வழியா நேரா பின் சக்கரத்துக்கு கனெக்‌ஷன். கிளட்ச் இல்ல, கியர்பாக்ஸ் இல்ல. இன்ஜின் சுத்தினா சக்கரம் சுத்தும், சக்கரம் நின்னா இன்ஜின் நிக்கும். டிராஃபிக்ல ஓட்ட முடியுமான்னு கேக்காதீங்க, ஒரு வளைவு வந்தாலே யோசிக்கணும். சஸ்பென்ஷன், ஹெட்லைட், சைலன்சர் எதுவும் கிடையாது. பிரேக்க பத்தி பேசாம இருக்கறதே மரியாதை.

டெஸ்ட் ரைடுக்கு வருவோம். 1907 ஜனவரி 24, ஃப்ளோரிடாவுல ஆர்மண்ட் பீச். அந்த பீச் மணல் ஈரமா இருக்கறப்போ தார் ரோடு மாதிரி இறுகிடும், அதனால தான் அப்போ ஸ்பீடு ரெக்கார்டு பண்றவங்க எல்லாம் அங்க போவாங்க. டைம் எடுக்கற ஒரு மைலுக்கு முன்னாடி ரெண்டு மைல் ஓடி வேகம் பிடிச்சு, அந்த ஒரு மைல 26.4 செகண்டுல தாண்டியிருக்கார் கர்ட்டிஸ். கணக்கு போட்டா மணிக்கு 136.36 மைல், நம்ம கணக்குல 219 கிலோமீட்டருக்கு மேல. எதிர்ப்பக்கமா இன்னொரு ஓட்டம் ஓடறப்போ ஷாஃப்ட்ல இருந்த யூனிவர்சல் ஜாயிண்ட், அதாவது மடங்கி சுத்தற இணைப்பு, உடைஞ்சு, கழண்ட ஷாஃப்ட் அவர் காலுக்கு பக்கத்துல சாட்டை மாதிரி சுழல, ஃப்ரேமும் வளைஞ்சு போச்சு, அந்த வேகத்துல அத கீழ விழாம நிறுத்தி இறங்கி வந்திருக்கார் மனுஷன். அதோட இந்த வண்டியோட ரேஸ் வாழ்க்கையும் முடிஞ்சது. யோசிச்சுப் பாருங்க, உடைஞ்சது எது? இன்ஜினா? இல்ல. வி8 நல்லா தான் ஓடிட்டு இருந்துச்சு. இன்ஜினுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற சாமான் தான் தாங்கல.

எதிர்ப்பக்க ஓட்டம் முழுசா முடியாததால ரெக்கார்டு அஃபிஷியலா ஏறல. ஆனாலும் நியூஸ்பேப்பர்ல எல்லாம் உலகத்துலயே வேகமான மனுஷன்னு போட்டுட்டாங்க, அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அதே பீச்ல அதுக்கு முந்தின வருஷம், 1906ல, ஸ்டான்லி ஸ்டீம் கார்ல ஃப்ரெட் மேரியட் போனது 127 மைல் சொச்சம். 1907ல அதே வாரத்துல மேரியட் திரும்ப முயற்சி பண்ணி கார் தூக்கி அடிச்சு சின்னாபின்னமாச்சு, ஆள் பிழைச்சதே பெருசு. கர்ட்டிஸ் போன வேகத்த ஒரு கார் தாண்டினது 1911ல தான், அதுக்கு பிளிட்சன் பென்ஸ்னு ஒரு வண்டி வேண்டியிருந்துச்சு, இன்ஜின் 21.5 லிட்டர், 200 ஹார்ஸ் பவர். மோட்டார்சைக்கிள்ல தாண்டறதுக்கு 1930 வரைக்கும் ஆச்சு, அப்போ தாண்டினது எல்லாம் சூப்பர்சார்ஜர் வெச்ச, ஒரு லிட்டருக்குள்ள இருந்த இன்ஜினுங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், சிலருக்கு கோவம் வரும், பரவால்ல. எனக்கு அந்த 136 மேல முழு நம்பிக்கை இல்ல. காரணம் சிம்பிள், வேகம் ரெண்டு மடங்கு ஆனா காத்த கிழிச்சுட்டு போக தேவைப்படற பவர் எட்டு மடங்கு ஆகும். இன்னைக்கு 40 ஹார்ஸ் பவர் பைக் எவ்ளோ இருக்கு, 400 சிசிக்கும் கீழ, அதுல நல்லா குனிஞ்சு படுத்து ஓட்டினாலும் 160, 170 தாண்டறப்போவே திணறும். இது ஃபேரிங் (காத்த கிழிச்சு விடற முன் கவசம்) இல்லாத, எட்டு சிலிண்டர் வெளிய துருத்திட்டு இருக்கற வண்டி. பின்காத்து அடிச்சிருக்கலாம், 40 ஹார்ஸ் பவர்னு சொன்னதவிட கொஞ்சம் ஜாஸ்தியா குடுத்திருக்கலாம், ஸ்டாப்வாட்ச் அமுக்கினதுல கொஞ்சம் முன்ன பின்ன இருந்திருக்கலாம். ரெண்டு பக்கமும் ஓடி சராசரி எடுக்கற வழக்கமே இதுக்காக தானே வந்துச்சு. ஆனா இதுல ஒரு 20 மைல் கழிச்சுட்டா கூட 1907ல அந்த ஃப்ரேம் மேல உக்காந்து அப்படி போன ஆள என்னன்னு சொல்றது.

சரி, ஏன் இவ்ளோ பெரிய இன்ஜின்? இந்த கேள்விக்கு பதில் வேணும்னா கர்ட்டிஸ்க்கு 13 வருஷம் முன்னாடி போகணும், ஜெர்மனி, மியூனிக், 1894. ஹில்டெபிராண்ட் உண்ட் வுல்ஃப்முல்லர்னு ஒரு கம்பெனியோட வண்டி. வரிசையா தயாரிச்சு காசுக்கு வித்த முதல் மோட்டார்சைக்கிள்னு பொதுவா இதத்தான் சொல்றாங்க. இன்ஜின் 1489 சிசி, ரெண்டு சிலிண்டர், வாட்டர் கூல்டு. பவர் எவ்ளோன்னு நினைக்கறீங்க? 240 ஆர்பிஎம்ல 2.5 ஹார்ஸ் பவர். ஒன்றரை லிட்டர் இன்ஜின், ரெண்டரை குதிரை. சிரிப்பு வரும், ஆனா காரணம் இருக்கு. இதுல செயினோ பெல்ட்டோ கிடையாது, ஸ்டீம் ரயில் இன்ஜின்ல இருக்கற மாதிரி பிஸ்டன்ல இருந்து நீளமான ராடு நேரா பின் சக்கரத்து க்ராங்க்ல மாட்டியிருக்கும், அப்போ இன்ஜின் ஒரு சுத்து சுத்தினா சக்கரமும் ஒரே ஒரு சுத்து தான். சக்கரத்தோட வேகத்துக்கு மேல இன்ஜின் சுத்தவே முடியாது. மெதுவா சுத்தற இன்ஜின்ல பவர் வேணும்னா ஒவ்வொரு சுத்துக்கும் நிறைய எரிக்கணும், நிறைய எரிக்கணும்னா சிலிண்டர் பெருசா இருக்கணும். இதோட அப்போ ஸ்பார்க் பிளக்கும் இல்ல, பர்னர் வெச்சு ஒரு குழாய சிவக்க காய்ச்சி அதுல பெட்ரோல் ஆவி பட்டு எரியற ஹாட் டியூப் சிஸ்டம், இன்லெட் வால்வு பிஸ்டன் உறிஞ்சற உறிஞ்சலுக்கு தானா திறக்கற டைப், இதெல்லாம் வேகமா சுத்த லாயக்கே இல்ல. அப்போ பெருசு பண்றத தவிர வேற வழி இல்ல. ஆக இவங்க பெரிய இன்ஜின் வெச்சது கெத்துக்காக இல்ல, இயலாமைக்காக.

வெறும் ஒரு வருஷம் கழிச்சு, 1895ல, பிரான்ஸ்ல தெ தியோன் பூத்தோன் கம்பெனி ஒரு குட்டி இன்ஜின் கொண்டு வந்தாங்க, 138 சிசி கூட தாண்டாது, பேட்டரி காயில் வெச்ச ஸ்பார்க், 1500 ஆர்பிஎம், அரை ஹார்ஸ் பவர். கணக்கு போட்டா ஒரு லிட்டருக்கு மூணரை ஹார்ஸ் பவருக்கு மேல, மியூனிக் இன்ஜின் ஒரு லிட்டருக்கு 1.7 தான். அப்பவே தெரிஞ்சு போச்சு எதிர்காலம் எந்தப் பக்கம்னு.

ஆனா மியூனிக்காரங்க பண்ண வேலைய ஒரு ப்ராடக்டா பாத்தா எனக்கு அவங்க மேல தான் கோவம். கிளட்ச் இல்ல, அதனால வண்டிய தள்ளிட்டு கூடவே ஓடி, இன்ஜின் பிடிச்ச உடனே தாவி ஏறணும், அதுவும் முதல்ல பர்னர கொளுத்தி டியூப் சூடாகற வரைக்கும் நின்னு காத்திருந்துட்டு. பிஸ்டன் திரும்பி வர்றதுக்கு உதவியா ரெண்டு பக்கமும் பெரிய ரப்பர் பேண்டு, ஆமா ரப்பர் பேண்டு தான், தப்பா படிக்கல. பின் சக்கரம் தான் இன்ஜின் சுத்தறத சீராக்கற ஃப்ளைவீல், ஸ்போக் இல்லாத தகடு. பின் மட்கார்டு தான் தண்ணி டேங்க், அதுவே ரேடியேட்டர். ஃப்ரேம் குழாய் ஒண்ணுல ஆயில். இன்ஜினியரிங் ஐடியாவா பாத்தா ஒரு சாமான ரெண்டு வேலைக்கு பயன்படுத்தறது பிரமாதம், அத நான் மறுக்கல. 45 கிலோமீட்டர் வேகம் போச்சு, அதுவும் அப்போ பெருசு தான். ஆனா இத பொதுமக்களுக்கு வித்தாங்களே! வேகத்த சீரா வெக்க முடியாது, மெதுவா போனா ஒவ்வொரு வெடிக்கும் வண்டி குலுங்கும், ரொம்ப மெதுவா போனா நின்னே போயிடும். ரெண்டு மூணு வருஷத்துல கம்பெனி படுத்துடுச்சு. டெஸ்ட் பெஞ்ச் மாதிரி ஒரு வண்டிய கஸ்டமர் தலையில கட்டினா வேற என்ன ஆகும்.

இதே நேர் ராடு ஐடியாவ இங்கிலாந்துல ஹோல்டன்னு ஒருத்தர் 1897ல நாலு சிலிண்டர் வெச்சு பண்ணார், ஒரு லிட்டர் சொச்சம், 3 ஹார்ஸ் பவர். மியூனிக் வண்டிய விட ஸ்மூத்தா இருந்திருக்கும், ஆனா அதே சுவத்துல தான் முட்டினது. இதே ஹோல்டன் தான் பின்னாடி புரூக்லாண்ட்ஸ் ரேஸ் ட்ராக்க டிசைன் பண்ணவர், அதுல நல்ல பேர்.

இதுக்கு அப்புறம் வந்தது தான் உண்மையான கிறுக்குத்தனம், இப்போ இயலாமை இல்ல, ரூல்ஸ் புக்கு காரணம். 1904ல இருந்து 1906 வரைக்கும் ஐரோப்பாவுல இன்டர்நேஷனல் கப்னு நாடுங்களுக்கு நடுவுல ரேஸ், அதுல வண்டி எடை 50 கிலோவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு மட்டும் ரூல். நல்ல எண்ணத்துல தான் போட்டிருப்பாங்க, எடை கம்மியா வெச்சா இன்ஜினும் சின்னதா இருக்கும்னு. ஆனா ரேஸ்காரன் மூள அப்படியா வேலை செய்யும்? எடைக்கு தானே லிமிட், இன்ஜினுக்கு இல்லயேன்னு எவ்ளோ பெரிய இன்ஜின் முடியுமோ அத வெச்சுட்டு, மிச்ச எடைய ஃப்ரேம்ல இருந்தும் டயர்ல இருந்தும் சீட்ல இருந்தும் சுரண்டி எடுத்தாங்க. வந்தது என்னன்னா கையில தொட்டா ஆடற ஃப்ரேம்ல அடங்காத இன்ஜின். இத பாத்து வெறுத்துப் போன பிரிட்டிஷ்காரங்க 1907ல ஐல் ஆஃப் மேன் தீவுல டிடி (டூரிஸ்ட் டிராஃபி) ரேஸ ஆரம்பிச்சப்போ எடை லிமிட்டயே தூக்கிப் போட்டுட்டாங்க, பதிலுக்கு பெட்ரோல அளந்து குடுத்தாங்க, ஒரு சிலிண்டர் வண்டின்னா ஒரு கேலனுக்கு 90 மைல், ரெண்டு சிலிண்டர்னா 75 மைல் போயாகணும். மட்கார்டு, சைலன்சர், ஒழுங்கான சீட் எல்லாம் கட்டாயம். ஜெயிச்சது சார்லி காலியர், ஒத்த சிலிண்டர் மேட்ச்லெஸ், சராசரி 38.21 மைல். அதே வருஷம் ஜனவரில கர்ட்டிஸ் 136, மே மாசம் டிடில 38. எது பைக்க வளத்துச்சுன்னு கேட்டா நான் கண்ண மூடிட்டு 38ன்னு தான் சொல்வேன். வீடியோ பாக்கறதுக்கு மட்டும் 136.

சைக்கிள் ரேஸ் ட்ராக்ல பேசிங் வண்டிங்கன்னு ஒரு தனி இனமே இருந்துச்சு. சைக்கிள்காரருக்கு முன்னாடி காத்த மறைச்சுட்டு போறதுக்கு ரெண்டு லிட்டர், அதுக்கு மேலயும் இன்ஜின் வெச்ச வண்டி, ஓட்டறவரு நிமிர்ந்து அகலமா நிப்பாரு, அவர் உடம்பு தான் சைக்கிள்காரருக்கு தடுப்புச் சுவர். வேலைக்கேத்த டிசைன்னு ஒத்துக்கலாம். ஆனா 1909 ஜூலைல பெர்லின்ல அப்படி ஒரு வண்டி ட்ராக்க விட்டு எகிறி ஆளுங்க உக்காந்திருந்த கேலரிக்குள்ள போய் விழுந்து தீப்பிடிச்சு ஒன்பது பேர் செத்துட்டாங்க. அதப் படிச்சதுக்கு அப்புறம் இந்த வண்டி போட்டோங்கள ஜாலியா ரசிக்க எனக்கு முடியல.

அதே 1909ல புரூக்லாண்ட்ஸ்ல என்எல்ஜின்னு ஒரு வண்டி, ஜேஏபிங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட இன்ஜின், 2714 சிசி, அதுவும் ரெண்டே சிலிண்டர்ல. அதாவது ஒரு பிஸ்டன் மட்டும் 1357 சிசி, ஒரு சின்ன காரோட மொத்த இன்ஜின் அளவு. 90 மைல் வேகம் போச்சு. கர்ட்டிஸ் எட்டு சின்ன சிலிண்டரா பிரிச்சது எவ்ளோ புத்திசாலித்தனம்னு இத பக்கத்துல வெச்சுப் பாத்தா தான் தெரியும். பெரிய பிஸ்டன் ரெண்டு அடிக்கற அடிய ஃப்ரேம் வாங்கறதும், சின்ன பிஸ்டன் எட்டு மாத்தி மாத்தி தட்டறத வாங்கறதும் ஒண்ணு இல்ல. கர்ட்டிஸ் இன்ஜின் ஒரு லிட்டருக்கு 9 ஹார்ஸ் பவர் குடுத்துச்சு, மியூனிக் இன்ஜினோட அஞ்சு மடங்குக்கு மேல, 13 வருஷத்துல.

அந்த வி8 கதை பீச்சோட முடியலங்கறது தான் எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம். அடுத்த வருஷம் 1908 ஜூலை 4, ஜூன் பக்னு ஒரு விமானம் ஹேமண்ட்ஸ்போர்ட்ல எல்லாரும் பாக்க ஒரு கிலோமீட்டருக்கு மேல பறந்து சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையோட டிராஃபி வாங்குச்சு, ஓட்டினது கர்ட்டிஸ், இன்ஜின் அவரோட ஏர் கூல்டு 40 ஹார்ஸ் பவர் வி8. அதுக்கப்புறம் அவர் பைக் பக்கம் இருந்து மெல்ல மெல்ல முழுசா விமானத்துக்கே போயிட்டார். பைக்ல அந்த பவர தாங்க ஃப்ரேம் இல்ல, டயர் இல்ல, ஜாயிண்ட் இல்ல, வானத்துல ப்ரொபெல்லர சுத்தறதுக்கு இதெல்லாம் தேவையே இல்ல.

மார்க் போடணும்னா, இன்ஜின் பத்துக்கு ஒன்பது, ஒண்ணு குறைச்சது பழக்கதோஷத்துல. ஃப்ரேமுக்கு ரெண்டு, டிரான்ஸ்மிஷனுக்கு ஷாஃப்ட் போடணும்னு தோணினதுக்கு நாலு குடுத்து, அது உடைஞ்சதுக்கு ரெண்டு கழிச்சுக்கறேன். கம்ஃபர்ட், பிரேக், தினசரி பயன்பாடு எல்லாம் ஜீரோ. ஒரு பைக்கா ஃபெயில் தான், ஆனா இத பைக்குன்னு சொல்லி யாருக்கும் விக்காத ஒரே காரணத்துக்காக மியூனிக் வண்டிய விட மேல வெக்கறேன். சொந்தமா வெச்சுக்க ஒண்ணு குடுத்தா எத எடுப்பேன்னு கேட்டா, சந்தேகமே இல்லாம காலியரோட அந்த ஒத்த சிலிண்டர் மேட்ச்லெஸ்.

இன்னும் இந்த நோய் தீரலங்கறதையும் சொல்லிடறேன். 2003ல டாட்ஜ் டோமஹாக்னு ஒண்ணு காமிச்சாங்க, வைப்பர் கார்ல இருந்து எடுத்த 8.3 லிட்டர் வி10, 500 ஹார்ஸ் பவர். சக்கரம் நாலு, ஏன்னா ரெண்டு சக்கரம் பத்தாது. விலை 5,55,000 டாலர்னு போட்டு, ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. மணிக்கு 300 மைல் தாண்டும்னு கம்பெனி சொன்னது, யாரும் ஓட்டிக் காமிக்கல. கர்ட்டிஸாவது ஒரு பக்கம் ஓட்டிக் காமிச்சார்.